இழுப்பறையில் இருக்கும் ரஃப் நோட்டு: அரசு மருத்துவமனையில் மின்னணுப் பதிவேடு தடுமாறினால் எங்கே பார்ப்பது?

மின்னணு மருத்துவப் பதிவேடு ஒரு மருத்துவமனையில் உண்மையாகவே ஓடுகிறதா என்று பார்க்க நான் சர்வர் அறைக்குப் போவதில்லை. வார்டுக்குப் போய், "சிஸ்டர், உங்க ரஃப் நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்பேன். தயங்குவார்கள். அப்படி ஒன்று வைத்திருப்பது தெரிந்தால் மேலிருந்து திட்டு விழும் என்ற பயம். நான் திட்ட வரவில்லை என்று புரிந்ததும் இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டு வெளியே வரும். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். பெட் நம்பர், பேர், வயது, எந்த ஊசி எத்தனை மணிக்கு, கூட இருப்பவரின் செல் நம்பர். கடைசிப் பத்தியில் சிவப்பு மையில் 'ரத்தம் சொல்லியாச்சு', 'ஸ்கேன் நாளைக்கு' என்று இரண்டிரண்டு சொற்கள்.

அதில் எழுதியிருப்பதெல்லாம் திரையில் இருந்திருக்க வேண்டியவை. அங்கே இடம் இல்லாததாலோ, இருந்தும் வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாததாலோ நோட்டுக்கு வந்திருக்கின்றன. பதினோரு வருடமாக அரசு மருத்துவமனைகளில் இந்த வேலையில் இருக்கிறேன். கோளாறைப் பிடிக்க இதைவிடக் குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் எந்தத் தாள் ஓயவில்லை, அது யார் கையில் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இதைப் படிக்கும் பலருக்கு மின்னணுப் பதிவேட்டைக் கவனிக்கும் பொறுப்பு கூடுதல் சுமையாக வந்திருக்கும். நர்ஸாகவோ பார்மசிஸ்டாகவோ அலுவலக உதவியாளராகவோ இருப்பீர்கள். ஒரு நாள் 'நோடல்', அதாவது இதற்குப் பொறுப்பாளர், என்று உங்கள் பெயரில் உத்தரவு வந்திருக்கும். உங்களை மனதில் வைத்துத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எந்தப் புகார் வந்தாலும் மென்பொருள் கம்பெனி ஆளுக்குப் போன் போடும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மெஷினில் மட்டுமா, எல்லா மெஷினிலுமா? ஒரு திரையில் மட்டுமா, எல்லாத் திரையிலுமா? எந்த நாளிலிருந்து, அன்று என்ன மாறியது?

அறிகுறி: கம்ப்யூட்டர் வந்த பிறகு ஓ.பி. சீட்டு வரிசை வாசலைத் தாண்டுகிறது

கையில் வாட்சோடு கவுன்ட்டருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் ஜன்னலுக்கு வந்ததிலிருந்து சீட்டோடு நகரும் வரை எத்தனை வினாடி என்று ஐம்பது பேருக்குக் குறியுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். காலை மூன்று மணி நேரத்தில் 600 பேர் வருகிறார்கள், ஒருவருக்கு 90 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 பேருக்கு 54,000 வினாடி. மூன்று மணி நேரம் என்பது 10,800 வினாடி. ஆக ஐந்து கவுன்ட்டர் வேண்டும். உங்களிடம் மூன்றுதான் இருக்கிறது என்றால், மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வரிசை நீளத்தான் செய்யும். மூன்று கவுன்ட்டரை வைத்துச் சமாளிக்க வேண்டுமானால் 54 வினாடிக்குள் சீட்டு கைக்கு வர வேண்டும்.

அந்த 36 வினாடியை எங்கே குறைப்பது? திரையில் நட்சத்திரக் குறி போட்ட கட்டாயக் கட்டங்களை எண்ணுங்கள். மதம், தொழில், மாத வருமானம், மின்னஞ்சல் என்றெல்லாம் சீட்டு போடும் இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் அவற்றை எடுக்கச் சொல்லுங்கள். பெயர், வயது, பால், ஊர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஒரு செல் நம்பர் போதும். மற்றவற்றை அட்மிஷன் நேரத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

மறுவருகைக்காரர்களுக்குத் தனி ஜன்னல் வையுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வருபவர்களின் நோட்டு அட்டையில் பார்கோடு ஒட்டிவிட்டால் ஒரு 'பீப்' சத்தத்தில் வேலை முடிந்துவிடும். ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து தாங்களே விவரம் அனுப்பி டோக்கன் வாங்கும் முறை ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 2022-லிருந்து இருக்கிறது. அது இளைஞர்களை வரிசையிலிருந்து விலக்கும். பெரியவர்களுக்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்தத் திட்டத்தில் தரும் ஆபா என்ற சுகாதார அடையாள எண் இல்லாவிட்டால் சீட்டு கிடையாது என்று எந்த ஜன்னலும் சொல்லக்கூடாது. அந்த எண் அவரவர் விருப்பம்தான்.

அறிகுறி: ஒரே நோயாளிக்கு மூன்று எண்

இதில் நான் அதிகம் நிற்கப் போகிறேன். மற்ற கோளாறுகள் நேரத்தைத் தின்னும்; இது ஆளையே தின்றுவிடக்கூடும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று முதல் எண்ணில் பதிந்திருக்கும், ஊசி மூன்றாம் எண்ணில் எழுதப்பட்டிருக்கும்.

ஒரு தாலுகா மருத்துவமனையில் ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து தன் சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். ஏழு சீட்டு, நான்கு எண்கள். ஒன்றில் வயது 60, இன்னொன்றில் 65, வேறொன்றில் 58. பெயர் எல்லாவற்றிலும் லட்சுமிதான். ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஒருவர் 'கே.எஸ்.எச்.' போட்டிருக்கிறார், ஒருவர் 'எக்ஸ்' போட்டிருக்கிறார், ஒருவர் 'டி.சி.எச்.' போட்டு லெச்சுமி ஆக்கியிருக்கிறார். செல் நம்பர் ஒன்றில் மகனுடையது, ஒன்றில் பேத்தியுடையது. எந்த கிளார்க்கும் தப்பாக எதுவும் செய்யவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை, புதிதாகப் பதிந்தார்கள்.

முதலில் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். 'முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர்' என்று மூன்று கட்டம் இருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கிவிட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்தக் கட்டத்தைத் தாண்ட ஒருவர் இனிஷியல் போடுவார், ஒருவர் கணவர் பெயர் போடுவார், ஒருவர் வெறும் புள்ளி வைப்பார். பெயருக்கு ஒரே கட்டம், தகப்பனார் அல்லது கணவர் பெயருக்கு வேறு கட்டம், இனிஷியல் தனி. முடிந்தால் குடும்ப அட்டையில் இருப்பதைப் பார்த்து, தமிழிலேயே பதியுங்கள்.

அடுத்து, தேடும் முறை. ஒலி ஒத்த பெயர்களைக் கண்டுபிடிக்கப் பல மென்பொருட்களில் சவுண்டெக்ஸ் என்ற முறையைத்தான் வைத்திருப்பார்கள். 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது அது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. அதில் 'கே.எஸ்.எச்.' லட்சுமியும் 'எக்ஸ்' லட்சுமியும் ஒரே குறியீட்டில் விழுவார்கள், 'டி.சி.எச்.' லெச்சுமி வேறு குறியீட்டுக்குப் போய்விடுவார். செல்வியை 'எஸ்' போட்டு ஒருவரும் 'சி.எச்.' போட்டு ஒருவரும் பதிந்தால் முதல் எழுத்தே மாறிப்போகும்; இருவரும் சேரவே மாட்டார்கள். எனவே பெயரை மட்டும் நம்பாமல், ஊர், பால், வயதில் ஐந்து கூடவோ குறையவோ, தகப்பனார் அல்லது கணவர் பெயரின் முதல் எழுத்து ஆகியவற்றைச் சேர்த்துத் தேடும் திரையைக் கேட்டு வாங்குங்கள். 'புதிய பதிவு' பொத்தான், தேடி முடித்த பிறகுதான் திறக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணிலேயே காவல் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் எழுதிய எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் மாறினால் வேறொருவரின் பதிவு திறந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்ப்பார்கள். 4735 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும்: 5 இரட்டித்தால் 10, இலக்கங்களைக் கூட்டினால் 1, 3 அப்படியே, 7 இரட்டித்தால் 14, கூட்டினால் 5, 4 அப்படியே. மொத்தம் 13. பத்தின் மடங்காக, அதாவது இருபதாக்க 7 வேண்டும். ஆக எண் 47357. அவசரத்தில் 3-ஐயும் 5-ஐயும் இடம் மாற்றி 47537 என்று அடித்தால் கணக்கு இடிக்கும், கம்ப்யூட்டர் ஏற்காது. ஓர் இலக்கம் தப்பானாலும் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறினாலும், 09-ம் 90-ம் மாறுவதைத் தவிர, பிடித்துவிடும். பல வளரும் நாடுகளில் ஓடும் ஓபன்எம்ஆர்எஸ் என்ற திறமூல மென்பொருளில் இந்த வகைச் சரிபார்ப்பு உண்டு. உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு சீட்டு எண்ணில் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றித் தட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே உண்டான இரட்டைப் பதிவுகளை அவசரப்பட்டு இணைக்காதீர்கள். ஒரே ஆளின் இரண்டு பதிவு தனித்தனியாக இருப்பதைவிட, இரண்டு ஆளின் பதிவு ஒன்றாகக் கலப்பது பெரிய ஆபத்து. இருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இணைக்க வேண்டும். பழைய எண்ணை அழிக்காமல் புதிய எண்ணுக்குச் சுட்ட வேண்டும். தப்பென்றால் பிரிக்கவும் வழி இருக்க வேண்டும். பிரிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் இணைக்கும் உரிமையை யாருக்கும் தராதீர்கள்.

அறிகுறி: டாக்டர் தாளில் எழுதுகிறார், சாயங்காலம் வேறு யாரோ ஏற்றுகிறார்கள்

இந்த இடத்தில் டாக்டர் மேல் பழி போடுவது வழக்கம். ஒத்துழைக்கவில்லை, பழக்கம் இல்லை என்பார்கள். நான் ஓ.பி. அறையில் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்று மணி நேரத்தில் நூறு பேர் என்றால் ஒருவருக்கு 108 வினாடி. அதற்குள் கேட்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், மருந்து எழுத வேண்டும், 'பயப்படாதீங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் வங்கதேசத்தின் சராசரி 48 வினாடி, ஸ்வீடனின் சராசரி இருபத்திரண்டரை நிமிடம். பெரும்பாலான திரைகள் ஸ்வீடனின் நேரத்தை மனதில் வைத்து வரையப்பட்டவை. அதை நம் டாக்டர் முன் வைத்துவிட்டு, ஏன் தட்டவில்லை என்று கேட்பது நியாயமே இல்லை.

ஒரு சாதாரண சளி, காய்ச்சல் நோயாளியைப் பதிய எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் ஓ.பி.யில் அது ஓடாது. ஒவ்வொரு பிரிவும் அடிக்கடி எழுதும் மருந்துத் தொகுப்புகளை ஒரே தட்டலில் வரும்படி அமைத்துக்கொடுங்கள். மறுவருகைக்குப் 'போன தடவை மாதிரியே' என்ற பொத்தான் இருக்கட்டும். அதற்கும் நேரம் போதவில்லை என்றால், வேலையை டாக்டர் கையிலிருந்து எடுப்பதே சரி.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. கென்யாவில் மொசோரியோட் என்ற கிராமச் சுகாதார நிலையத்தில் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2001-ல் ஒரு மின்னணுப் பதிவேட்டைத் தொடங்கின. அங்கே டாக்டர் தட்டவில்லை. வரவேற்பில் பதிந்ததும் நோயாளி ஒரு தாளோடு அறை அறையாகப் போவார். வெளியேறும் இடத்தில் கிளார்க் அந்தத் தாளைப் பார்த்து ஏற்றுவார். நோயாளி கண் முன்னேயே இருக்கிறார். கையெழுத்து புரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் சாயங்காலம் கட்டுக் கட்டாக ஏற்றும்போது கேட்க ஆள் இருக்காது. ஏற்றுவது யார் என்பதைவிட எப்போது, யார் முன்னிலையில் என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த அனுபவம் உள்ளவர்கள்தான் பின்னர், 2004-ல் ஓபன்எம்ஆர்எஸ் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள்.

மலாவியில் வேறு வழி எடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு நோயாளியும் 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்ற சிறு கையேட்டைத் தானே வைத்திருப்பார். பாவோபாப் என்ற அமைப்பு தொடுதிரைக் கருவிகளைப் பரிசோதிக்கும் இடத்திலேயே வைத்தது. விரலால் தொட்டுப் பதிந்ததும் ஒரு சிறு லேபிள் அச்சாகி வரும், அதைக் கையேட்டில் ஒட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டரிலும் பதிவு, நோயாளி கையிலும் பதிவு. இதை நம்மவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. சர்க்கரை, பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்கு நாம் தரும் என்.சி.டி. நோட்டும் அப்படிப்பட்ட கையேடுதான். அதைப் பிடுங்காதீர்கள், அதில் ஒட்ட ஒரு லேபிள் கொடுங்கள். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், நள்ளிரவில் அவர் மயங்கி விழுந்தால் அந்த நோட்டுதான் பேசும்.

அறிகுறி: மாத அறிக்கையில் பாதிப்பேருக்கு 'காய்ச்சல், காரணம் தெரியவில்லை'

நோய்களுக்குக் குறியீடு தரும் உலகப் பட்டியலான ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பில் அதன் குறியீடு ஆர்50.9. அது குவிந்து கிடந்தால் ஊரில் காய்ச்சல் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பட்டியலில் எளிதாகக் கைக்கு எட்டுவது அதுவாக இருக்கலாம். அகர வரிசையில் முதலில் வரும் நோய் திடீரென்று பெருகினாலும் இதே காரணம்தான். பல ஆயிரம் குறியீடுகளை அப்படியே டாக்டர் முன் விரித்து வைத்தால் முதலில் கண்ணில் பட்டதைத்தான் தொடுவார். ஒவ்வொரு பிரிவுக்கும் அங்கே உண்மையில் வரும் நாற்பது ஐம்பது நோய்களை, வருகை அதிகமானது மேலே இருக்கும்படி பட்டியலிடுங்கள். அதில் இல்லாததைச் சொற்களில் எழுத இடம் விடுங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் காக்கும் எம்.ஆர்.டி. பிரிவில் உள்ளவர் வாரம் ஒருமுறை அவற்றுக்குக் குறியீடு போடட்டும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு அறிகுறி: பாதி ஊருக்கு ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தநாள். வயதை மட்டும் கேட்டு, தேதியை மென்பொருளே நிரப்புவதால் வருவது. தோராய வயது என்று குறிக்கும் வசதியைக் கேளுங்கள். குழந்தைகள் பிரிவில் மட்டும் தோராய வயதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே தடுப்பூசி பிறந்த தேதியைத்தான் நம்பியிருக்கிறது.

அறிகுறி: தினமும் பத்து மணிக்குத் திரை உறைந்துபோகிறது

எட்டு மணிக்கு நன்றாக ஓடி, பத்துக்கு உறைந்து, ஒரு மணிக்குத் தானே சரியாகிறது என்றால் சர்வர் பழசாகிவிட்டது என்ற முடிவுக்குத் தாவாதீர்கள். கவுன்ட்டர் மெஷினிலிருந்து மருத்துவமனைக்குள் இருக்கும் ரூட்டருக்குப் 'பிங்' என்ற சோதனைச் செய்தியை அனுப்பிப் பாருங்கள். கட்டடத்துக்குள்ளேயே ஓரிரு மில்லி வினாடியில் பதில் வர வேண்டும். அங்கேயே ஐம்பது, நூறு என்று வந்தாலோ இடையில் பதில் விட்டுப்போனாலோ கேபிள், ஸ்விட்ச், எலி கடித்த ஒயர் என்று உள்ளே தேடுங்கள். உள்ளே சுத்தமாக இருந்து வெளி சர்வருக்கு மட்டும் தாமதம் என்றால் இணைப்பில் நெருக்கடி. யாரோ பத்து மணிக்கு எக்ஸ்ரே படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கலாம், வீடியோ கான்பரன்ஸ் நடந்துகொண்டிருக்கலாம்.

இரண்டும் நன்றாக இருந்து, நோயாளியைத் தேடும் திரை மட்டும் இழுத்தால் டேட்டாபேஸில் கோளாறு. 'செல்' என்று தொடங்கும் பெயரைத் தேடுவது அகராதியில் தேடுவது மாதிரி, நேராகப் பக்கத்துக்குப் போய்விடலாம். 'ல்வி' என்று எங்கேயாவது வரும் பெயரைத் தேடச் சொன்னால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்ட வேண்டும். பத்தாயிரம் நோயாளி இருந்தபோது தெரியாத தாமதம் ஐந்து லட்சம் ஆனதும் தெரியும். கம்பெனிக்காரரிடம் 'ஸ்லோவா இருக்கு' என்று சொல்லாமல், 'பேர் தேடும் திரை மட்டும், பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பதினைந்து வினாடி ஆகிறது' என்று சொல்லுங்கள். அவருக்கு வேலை பாதி குறையும்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: பத்து மணிக்கு மேலதிகாரிக்கு அறிக்கை எடுப்பது யார்? ஒரு மருத்துவமனையில் இரண்டு மாதம் தேடி அலைந்தோம். அலுவலகத்தில் ஒருவர் தினமும் அந்த நேரத்தில் ஆறு மாத அறிக்கையைப் புதிதாக எடுத்துக்கொண்டிருந்தார். அதை இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும்படி மாற்றியதும் உறைவது நின்றுவிட்டது.

அறிகுறி: கரண்ட் போய் வந்தால் அரை மணி நேரம் எதுவும் வேலை செய்வதில்லை

யு.பி.எஸ். இருக்கிறது, கம்ப்யூட்டர் அணையவில்லை, ஆனாலும் 'சர்வர் கிடைக்கவில்லை' என்கிறதா? வராந்தாவில் சுவர் ஓரம் தொங்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியை நிமிர்ந்து பாருங்கள். பத்தில் எட்டு இடத்தில் அது யு.பி.எஸ்.ஸில் இல்லாமல் சாதா பிளக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் எல்லாம் விழித்திருக்க, அவற்றை இணைக்கும் பெட்டி தூங்கிவிடும். ஒரு சிறு யு.பி.எஸ். போதும்.

ஒரே ஒரு மெஷினில் மட்டும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். உள்ளே இருக்கும் சி.ஆர்.2032 என்ற நாணய பேட்டரி தீர்ந்தால், கரண்ட் அறுந்ததும் மெஷின் காலத்தை மறந்துவிடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பொருந்தாததால்தான் எச்சரிக்கை. பேட்டரியை மாற்றுங்கள், நேரம் தானாகச் சர்வரோடு ஒத்துப்போகும்படி அமையுங்கள். ஊசி போட்ட நேரம், பிரசவ நேரம் ஆகியவை சர்வர் கடிகாரத்திலிருந்து பதிவாகின்றனவா, மெஷின் கடிகாரத்திலிருந்தா என்றும் கேட்டு வையுங்கள். குழந்தை பிறந்த நேரம் நீதிமன்றம் வரை போகும் விஷயம்.

அறிகுறி: லேப் ரிசல்ட் வரவில்லை, வந்தாலும் வேறொருவருடையது

ரத்தக் குழாயின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டர் துண்டில் பேனாவால் ஓ.பி. எண்ணின் கடைசி மூன்று இலக்கம் இருந்தால், காலை முந்நூறு குழாய் வரும் இடத்தில் குழப்பம் நிச்சயம். பார்கோடு லேபிள் லேப் மேசையில் அச்சாகக் கூடாது. ரத்தம் எடுக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில், பெயரைக் கேட்டுவிட்டு, அங்கேயே அச்சாகி அங்கேயே ஒட்டப்பட வேண்டும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்த லேபிள் ரோல் கறுத்துவிடும், ஸ்பிரிட் பட்டால் எழுத்து அழியும். இரண்டையும் லேப் ஆட்களிடம் ஒருமுறை காட்டிவிட்டால் மறக்க மாட்டார்கள்.

அனலைசர் மெஷின் தானாகவே ரிசல்ட்டை அனுப்ப இணைப்பு கொடுத்திருந்தால், அது நின்றுவிட்ட அன்று டெக்னீசியனுக்கு உடனே தெரிய வழி இருக்க வேண்டும். தெரியாவிட்டால் நோட்டில் எழுதத் தொடங்குவார். இணைப்பு சரியான பிறகும் நோட்டு நிற்காது. சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வஸ்த்ய சஹ்யோக் என்ற தொண்டு மருத்துவமனைக்காக உருவான பாம்னி மென்பொருளில் ஓபன்எம்ஆர்எஸ், லேப் மென்பொருள், கணக்கு மென்பொருள் மூன்றையும் ஒன்றாகக் கோத்தார்கள். அப்படிக் கோத்த இடங்களில் முதலில் அறுவது முடிச்சுதான். காலையில் லேப் திறந்ததும் ஒரு சோதனை மாதிரியை ஓட்டி, அது டாக்டர் திரையில் வருகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

அறிகுறி: மருந்து இருப்பு திரையில் ஒன்று, அலமாரியில் ஒன்று

காரணம் பெரும்பாலும் இரவு டூட்டி. அவசரப் பிரிவில் இரவு கொடுத்தது காலையில் பதியப்படாமல் போகிறது. அடுத்த காரணம் மாற்று: 500 மில்லிகிராம் தீர்ந்துபோய் 250 இரண்டாகக் கொடுத்திருப்பார், திரையில் 500 குறைந்திருக்கும். பார்மசிஸ்ட் தானே மாற்றிப் பதிய உரிமை கொடுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக எண்ணுவதைவிட, தினமும் ஐந்தே ஐந்து மருந்தை எண்ணி ஒத்துப் பார்ப்பது பலன் தரும்.

அறிகுறி: வார்டில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சிறு துண்டுத் தாளில் அது எழுதியிருக்கும். இந்தத் தாளையும் படியுங்கள். மூன்று ஷிஃப்ட், ஆளுக்கு ஒருமுறை வெளியேறி உள்ளே வர ஒரு நிமிடம், நடுவில் ஒரு பெட்டில் மூச்சுத்திணறல். எந்த சிஸ்டர் வெளியேறுவார்? புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜனுக்கு ஐ.டி. வர மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் அவர் அடுத்த வார்டுக்குப் போய்விடுகிறார். பணியில் சேரும் அன்றே ஐ.டி. கிடைக்கட்டும். அடையாள அட்டையின் பார்கோடும் நான்கு இலக்க எண்ணும் போட்டால் உள்ளே போகும்படி செய்தால் துண்டுத் தாள் தானே போய்விடும்.

திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வரிசையில் நிற்பவர் படிக்கும்படி ஒரு பெண்ணின் எச்.ஐ.வி. முடிவு திரையில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அதைக் கையால் மறைக்கப் பார்த்தார். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. மேசையைத் திருப்பிப் போடச் செலவே இல்லை.

அறிகுறி: சர்வரே போய்விட்டது

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸில் சைபர் தாக்குதலில் சர்வர்கள் முடங்கின. சுமார் இரண்டு வாரம் ஓ.பி., லேப், அட்மிஷன் எல்லாம் கையால் நடந்தன. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காதது ஒரு காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. சி.சி.டி.வி., அலுவலக மெஷின், எக்ஸ்ரே, நோயாளி பதிவேடு எல்லாம் ஒரே கொடியில் காய்ந்தால் ஒன்றில் பிடித்த தீ எல்லாவற்றுக்கும் பரவும். உங்கள் இடத்தில் பிரித்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

பேக்கப் எடுக்கிறோம் என்பார்கள். எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில், அதுவும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய நிலையில். மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் மீட்டெடுத்து, நேற்றைய நோயாளி ஒருவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அவசரப் பெட்டி ஒன்று ஒவ்வொரு வார்டிலும் இருக்கட்டும். முன்கூட்டியே எண் ஒதுக்கி அச்சடித்த ஓ.பி. சீட்டு, கேஸ் ஷீட், கார்பன், பேனா. வார்டில் எத்தனை பேர் என்று எண்ணும் நள்ளிரவு சென்சஸ் முடிந்ததும் உள்நோயாளிப் பட்டியலை மருந்தோடு ஒரு பிரதி அச்செடுத்து அந்தப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சர்வர் விழும் நாளில் இந்தத் தாள்தான் வார்டை நடத்தும். இங்கே தாள் இருப்பது கோளாறின் அடையாளம் ஆகாது. அது நாமே திட்டமிட்டு வைத்தது, எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அறிகுறி: ஒரு வருடம் ஓடியது, திட்டம் முடிந்ததும் நின்றுவிட்டது

நின்ற இடங்களில் போய்ப் பார்த்தால் பெரிய காரணம் எதுவும் இருக்காது. லேபிள் ரோல் தீர்ந்திருக்கும், வாங்க எந்தத் தலைப்பில் பணம் என்று தெரியாது. பயிற்சி பெற்ற சிஸ்டர் மாற்றலாகிப் போயிருப்பார். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்திருக்கும். எனவே ரோல், டோனர், பேட்டரி, பழுதான ஸ்கேனருக்கு மாற்று ஆகியவற்றை இன்டென்ட் என்ற ஆண்டுத் தேவைப் பட்டியலில் பஞ்சு, குளூக்கோஸ் மாதிரியே சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் இருவருக்குப் பயிற்சி கொடுங்கள். ஒருவர் மாற்றலானால் மற்றவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

ஒப்பந்தம் முடியும் முன், கம்பெனி தரவை முழுமையாக ஒப்படைக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிஸ்க்கைக் கையில் கொடுத்துக் கையெழுத்து கேட்பார்கள். உடனே போடாதீர்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில், அவர்களுடைய மென்பொருள் இல்லாமல் திறக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.டி. அறையிலிருந்து பழைய கேஸ் ஷீட் மூன்று எடுத்து வாருங்கள்: ஒரு பிரசவம், ஒரு விபத்து, ஒரு சர்க்கரை நோயாளி. பெயர், தேதி, நோய், மருந்து, லேப் முடிவு என்று வரி வரியாக ஒத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகு கையெழுத்து போடலாம்.